ஊதாவும் சிவப்பும் பார்த்துக் கழிந்த வருஷங்கள்

சளி, சீழ், மூத்திரம், மலம் என்று உடம்பு வேண்டாமென்று தள்ளுவதையெல்லாம் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, கண்ணோடு ஒட்டவைத்துப் பார்க்கிற பிழைப்பு எங்களுடையது.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேப்பில் கிருமிப் பிரிவில் எனக்கு வேலை. வீடு வலியசாலையில். கழுத்து வலியோடும் கண் எரிச்சலோடும் இதைப் படிக்கப்போகிற சக லேப்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காக மட்டும் ஒரு தடவை. பாக்டீரியாவைத் தேய்த்த கண்ணாடிச் சில்லின்மேல் முதலில் ஊதாச் சாயம் ஊற்றுவோம். பிறகு அயோடின். பிறகு ஸ்பிரிட் விட்டுக் கழுவுவோம். கடைசியில் சிவப்புச் சாயம். எல்லாக் கிருமிக்கும் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. சிலவற்றுக்கு அந்தச் சவ்வுக்கு வெளியே மெத்தை மாதிரி தடித்த சுவர் இருக்கும். குடித்த ஊதாவை அந்தச் சுவர் விடாது. வேறு சிலவற்றுக்குச் சுவர் மெலிசு, அதற்கும் வெளியே எண்ணெய்ப் பசையுள்ள இன்னொரு சவ்வு. ஸ்பிரிட் பட்டதும் அந்த எண்ணெய்ச் சவ்வு கரையும், ஊதா ஓடிப்போகும், பின்னால் வருகிற சிவப்பு வந்து உட்காரும். ஊதாவா சிவப்பா என்று நாங்கள் சொன்ன பிறகுதான் டாக்டர் எந்த மருந்து என்று யோசிப்பார். அவ்வளவுதான் வித்தை. இதில் மனசு கசந்துபோக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

விரலில் மை

கையுறை போட்டால் சாயம் படாது என்று நினைப்பவர்கள் கையுறை போட்டு வேலை செய்து பார்க்காதவர்கள். ஊதாச் சாயம் எப்படியாவது உள்ளே இறங்கிவிடும். நகக்கண்ணில் புகுந்தால் நகம் வளர்ந்து வெட்டுகிற வரை போகாது. சென்ற தேர்தலுக்கு முந்தின நாள் என் இடது கை ஆள்காட்டி விரல் ஊதாவில் நன்றாகக் குளித்திருந்தது.

வாக்குச் சாவடியில் விரலைப் பார்த்த அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் விரலைக் காட்டினார். கட்சிக்காரர்கள் எழுந்து வந்தார்கள். கட்டை விரலிலும் நடுவிரலிலும்கூட இதே கறை இருக்கிறது, ஒருத்தி மூன்று விரலுக்கு மூன்று ஓட்டு போடுவாளா என்று கேட்டேன். அது அவர்களுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற எங்கள் தெருக்காரர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு என்ன வேலை என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். லேப் அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, வேர்த்து வழிந்து நின்ற பிறகு, கடைசியில் வேறு விரலில் மை வைத்து உள்ளே விட்டார்கள். வெளியே வரும்போது அந்த அதிகாரி கூப்பிட்டு அன்பாகத்தான் சொன்னார்: "அடுத்த தவண நல்லோணம் கை கழுகிட்டு வரணும் கேட்டோ."

பளபளத்த தொட்டி

லேப்புக்குத் தரச் சான்றிதழ் வாங்கப் பரிசோதகர் வரப்போகிறார் என்றதும் எங்கள் மேனேஜருக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் நிர்வாகம் படித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தவர். சாயம் ஊற்றுகிற ஸ்டெயினிங் தொட்டியைப் பார்த்தவர் முகம் சுளித்தார். வெள்ளை ஓடு பதித்த தொட்டிதான் அது. வருஷக்கணக்காகச் சாயம் விழுந்து விழுந்து, எந்த இடம் வெள்ளை என்று தேடத்தான் வேண்டும். பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது, பரிசோதகர் என்ன நினைப்பார் என்றார். இது அழுக்கில்லை, வேலை நடக்கிற அடையாளம் என்று நானும், என்னோடு வேலை பார்க்கிற ஷைலாவும் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. சாலைக் கடைத்தெருவிலிருந்து எதையோ வாங்கிவந்து ஊற்றித் தேய்க்கச் சொன்னார். நெடி தாங்காமல் ஒரு பகல் முழுக்க நாங்கள் நடைபாதையில் மேஜை போட்டு உட்கார்ந்தோம். போகாத ஓடுகளைப் பெயர்த்துவிட்டுப் புதிது பதித்தார்கள். புதிய தொட்டியில் பரிசோதகர் வந்து போகிற வரை ஒரு சொட்டுச் சாயம் விழக்கூடாது என்று உத்தரவு. பக்கெட்டில் ஊற்றிக் கழுவினோம்.

பரிசோதகர் வந்தார். வயசான அம்மாள், நிதானமானவர். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார், சாயப் பாட்டில்களின் தேதியைப் பார்த்தார். தொட்டி முன்னால் வந்ததும் நின்றார். குனிந்து பார்த்தார். விரலால் ஒரு ஓட்டைத் தடவினார். மேனேஜர் பாராட்டை எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இவிட ஸ்டெயினிங் ஒண்ணும் செய்யாறில்லே?"

இன்னும் கொஞ்சம் ஆசிட்

முருகேசன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். இங்கே கட்டட வேலை. ஊர்க்காரர்கள் சிலரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். விடாத இருமல், உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. டாக்டர் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். சளியில் ஒன்றும் இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஓட்டை தெரிந்தது. டாக்டருக்குச் சந்தேகம் வந்து மறுபடி அனுப்பினார். இந்தத் தடவை முருகேசன் வெளியே வெயிலில் நின்று இருமித் துப்புகிற வரை நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காசநோய்க் கிருமிக்கு மெழுகுச் சுவர். சாதாரணமாக எந்தச் சாயமும் ஏறாது. சிவப்புச் சாயத்தை ஊற்றி அடியில் தீ காட்டி, ஆவி பறக்கச் சூடாக்கினால்தான் உள்ளே போகும். போய்விட்டால் பிறகு ஆசிட் விட்டுக் கழுவினாலும் வெளியே வராது. மற்றதெல்லாம் நீலமாக இருக்க, இது மட்டும் சிவப்புக் குச்சியாக நிற்கும். முருகேசன் சளியில் பார்க்கிற இடமெல்லாம் சிவப்புக் குச்சி. ரிப்போர்ட் வாங்க வந்தபோது, ஆசிட் விட்டும் போகாத சிவப்பு இது என்று அவரிடமும் சொன்னேன். முதல் தடவை கொடுத்தது தன் சளியே இல்லை, அறையில் கூட இருந்த ஒருவனைத் துப்பச் சொல்லி வாங்கி வந்தது என்று அப்போதுதான் சொன்னார். விஷயம் தெரிந்தால் மேஸ்திரி அவரை மட்டுமில்லை, அறையிலிருந்த எல்லோரையுமே ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று பயம்.

மாத்திரை இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றாது, சுகாதாரத் துறைக்குச் சொல்லியாக வேண்டும், ஆனால் அவர்கள் மேஸ்திரியிடம் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினார். சுகாதாரப் பணியாளர் அறைக்குத் தேடிப்போனபோது முருகேசன் இல்லை. அவரோடு தங்கியிருந்தவர்களும் எங்கே போனார் என்று தெரியாது என்றார்கள். ஊருக்குப் போய் மருந்து சாப்பிட்டாரா, வேறு ஊரில் வேறு அறையில் இருமிக்கொண்டிருக்கிறாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: "இன்னும் கொஞ்சம் ஆசிட்டு ஊத்திக் கழுவிப் பாத்திருக்கலாம்லாக்கா."

மன்னியின் ரிப்போர்ட்

என் அண்ணா வீடு எங்கள் தெருவிலேயே, கோயிலுக்குப் பக்கத்தில். மன்னி ஆசாரம் பார்க்கிறவள். நவராத்திரிக்கு எல்லோரையும் கூப்பிட்டு இலை போட்டால், நான் பரிமாற எழுந்தால் போதும், என் கையிலிருக்கிற கரண்டியைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். பாவம், நாள் பூரா வேலை செஞ்சுட்டு வந்திருக்கே, உட்காரு என்பாள். முதல் வருஷம் அதை நான் பிரியம் என்று நினைத்தேன். ஒரு தடவை சமையலறையில் யாரிடமோ, கண்டதையும் தொடற கை, எப்படிப் பரிமாறச் சொல்றது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட பிறகு நானாகவே உட்கார ஆரம்பித்தேன்.

அந்த மன்னிக்கு ஒரு நாள் மூத்திரம் போனால் எரிச்சல், குளிர் காய்ச்சல். ஆண் டாக்டரிடம் போக வெட்கம், அண்ணாவிடம் சொல்ல வெட்கம். பின்வாசல் வழியாக என் வீட்டுக்கு வந்தாள். யாருக்கும் தெரியாமல் நீயே பார்த்துச் சொல்லு என்றாள். எங்கள் லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், சீட்டு வாங்கி, டப்பா கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, நானே வாங்கிக்கொண்டு போனேன். சிவப்புக் குச்சிகள், காசநோயினது இல்லை, முதலில் சொன்ன எண்ணெய்ச் சவ்வுச் சிவப்பு. மனுஷக் குடலில் சாதாரணமாக இருக்கிற ஜாதிதான், இடம் மாறிப் போய்விட்டால் தொந்தரவு. மருந்து சாப்பிட்டாள், வாரத்துக்குள் எழுந்து நடமாடினாள்.

உடம்பு தேறினதும் விசாரிக்கப் போனேன். அது என்ன கிருமி, எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். எல்லார் குடலிலும் இருப்பதுதான், உங்கள் குடலிலிருந்தே வந்திருக்கும் என்றேன். மன்னி முகம் மாறிவிட்டது. மாமிசம் தொடாத வீடு, தினம் இரண்டு வேளைக் குளியல், வெளியில் ஒரு வாய் காப்பி குடித்தது கிடையாது என்று அடுக்கினாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கோபமே இல்லாமல், கணக்குக்கு விடை கிடைத்தாற்போலச் சொன்னாள்: "சாம்பிளை நீதானே லலிதா தொட்டே? உன் கையிலேந்துதான் போயிருக்கும்."

சேப்டி பின்

வித்துராவைத் தாண்டி மேலே எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிற குடும்பம். பாட்டன் காலத்தில் தேயிலை பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். எஸ்டேட்டில் வேலை நின்றுபோன பிறகு அந்தக் குடும்பத்து மனுஷன் கிடைத்த இடத்தில் மண் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதி உண்டு. மழைக் காலத்தில் வாய்க்கால் தோண்டிக்கொண்டிருந்தவருக்குக் காய்ச்சல் வந்தது, விடவேயில்லை. ஈரலில் சீழ் கட்டி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அவர் மனைவி பெயர் மரியதங்கம். ரிப்போர்ட் வாங்க வரும்போதெல்லாம் லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

அவர் ரத்தத்தில் வளர்ந்தது சிவப்புக் குச்சிதான். ஆனால் இரண்டு நுனியிலும் சாயம் அடர்த்தியாக ஏறி, நடு மட்டும் வெளிறி, மூடின சேப்டி பின் மாதிரி இருந்தது. மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் இருக்கிற கிருமி. காலில் கீறல் இருந்தால் போதும், ஏறிவிடும். அதன் வெளிச் சவ்வு சாதாரண மருந்துகளை உள்ளேயே விடாது. டாக்டரும் அதையேதான் சந்தேகப்பட்டிருந்தார். வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் போய் சரியான ஊசியை அன்றைக்கே ஆரம்பித்தார். யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கியது. ஆள் எழுந்து நடந்து வந்து எங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குப் போனாலும் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், இந்தக் கிருமி உடம்புக்குள் ஒளிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த மரியதங்கத்திடம் நானும் சொன்னேன்.

அடுத்த மழைக்கு முன்னாலேயே அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தத்தில் அதே சேப்டி பின். இந்தத் தடவை ஊசி கேட்கவில்லை. எல்லாம் முடிந்து, உடம்பை வாங்கிக்கொண்டு போக வண்டிக்காகக் காத்திருந்தபோது அவள் பழக்கத்தில் எங்கள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதியில் மாத்திரையை நிறுத்தியிருக்கக் கூடாது, உடம்பு நன்றாகிவிட்டது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்றேன். செத்தவர்மேல் பழியைப் போட்டால் இருப்பவளுக்கு ஆறுதல் என்று நினைத்துவிட்டேனோ என்னவோ. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவரு நிப்பாட்டல்ல சிஸ்டர். தின்ன சோறெல்லாம் வாந்தியா எடுக்காருன்னு நாந்தான் மாத்திரைய ஒளிச்சு வச்சேன்."

ஷைலா பார்த்த சில்லு

ஷைலா என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள், கண் என்னைவிடக் கூர்மை. நான் தமிழில் பேசுவேன், அவள் மலையாளத்தில் பதில் சொல்வாள், இரண்டும் கலந்து எங்களுக்கென்று ஒரு பாஷை உண்டாகிவிட்டது. அவள் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிமோனியா என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே தீவிர சிகிச்சையில் சேர்த்திருந்தார்கள். லீவு எடு என்று நான் சொன்னேன். உள்ளே விடமாட்டார்கள், வெளியே உட்கார்ந்து என்ன செய்ய, இங்கேயாவது வேலை இருக்கிறது என்று வந்துகொண்டிருந்தாள்.

ரத்தத்தை ஊற்றி வைக்கிற பாட்டில்களில் கிருமி வளர்ந்தால் அவற்றை வைத்திருக்கிற இயந்திரம் கூவும். ஒரு காலை கூவியது. பாட்டிலை எடுத்தவள் அவள்தான். ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. மற்ற எந்தப் பாட்டிலையும் போலவே ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்து, காயவைத்து, ஊதா ஊற்றி, அயோடின் ஊற்றி, ஸ்பிரிட்டில் கழுவி, சிவப்பு ஊற்றினாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. சிவப்பு என்றாள். போனை எடுத்து வார்டுக்கும் அவளே சொன்னாள், நோயாளியின் பெயர் முதற்கொண்டு.

சிவப்பில் கெட்ட சிவப்பு ஒன்று உண்டு. அந்த எண்ணெய்ச் சவ்வில் மருந்து நுழைகிற சின்னச் சின்ன வாசல்களை அடைத்துக்கொள்ளும், தப்பித் தவறி உள்ளே போனதையும் பிடித்து வெளியே தள்ளும். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க, கிருமியைத் தட்டில் பரப்பி அதன்மேல் மருந்து வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வட்டமாக வெறுமையாக இருக்கும். மறுநாள் அந்தத் தட்டை அவள் வருவதற்கு முன்பே எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று சீக்கிரம் போனேன். ஒரு வில்லையைச் சுற்றியும் வட்டம் இல்லை. விளிம்பு வரை முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் அவள் வந்து நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் திரும்பி வாயைத் திறப்பதற்குள் என் கையிலிருந்த தட்டை வாங்கி, மூடியைப் போட்டு, மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "சேச்சி ஒண்ணும் பறயண்டா. எனிக்கு மனசிலாயி."

பெட்டி வந்தது

ஷைலாவின் அப்பா இறந்து, காரியங்கள் முடிந்து அவள் திரும்பி வந்து கொஞ்ச நாளில் ஒரு புதிய இயந்திரம் வந்து இறங்கியது. ஒரு பீரோ அளவு இருக்கும். சாயம் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம், உள்ளே வைத்தால் கிருமியின் பெயரையே திரையில் எழுதிக் காட்டும். நல்ல இயந்திரம், பொய் சொல்ல மாட்டேன். நாங்கள் இரண்டு நாளில் சொல்வதை அது காப்பி குடித்து முடிப்பதற்குள் சொல்லும். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் எதற்கு என்று ஷைலாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவள் தன் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நர்சிங் ஹோம் ஏதாவது வேலைக்குப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். இயந்திரத்துக்குக் கணினி தெரிந்த புதுப் பெண்ணைப் போட்டார்கள். என்னை முன்னால் கவுண்டருக்கு மாற்றினார்கள், டப்பா கொடுத்து டப்பா வாங்குகிற வேலை.

கிருமிப் பிரிவில் என் மைக்ராஸ்கோப்புக்கு பிளாஸ்டிக் உறை போட்டு ஸ்டோர் ரூமுக்கு எடுத்துப் போனபோது நான் கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் மோசமான மனுஷர் இல்லை, உண்மையாகவே எனக்கு நல்லது நடந்திருக்கிறது என்று நம்பித்தான் சொன்னார்: "சேச்சிக்கு இனி கண்ணு கஷ்டப்படுத்தண்டல்லோ."

இத்தனை வருஷம் லென்ஸ் வழியாகப் பார்த்ததில் எனக்கென்று கெடுதல் செய்த கிருமி ஒன்றுகூட இல்லை, லென்ஸை விட்டுக் கண்ணை எடுத்தபோதுதான் கெடுதலெல்லாம்.